எட்டு வருஷக் கம்ப்யூட்டருக்கு எந்த ஓஎஸ், எந்த ஆன்டிவைரஸ், எந்த கிளீனர்?

கேள்வி, 12-9-2025

வீட்டுல இருக்கிறது எட்டு வருஷப் பழைய டெஸ்க்டாப். 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. அக்டோபரோட சப்போர்ட் முடியுதுன்னு தினமும் ஞாபகப்படுத்துது. சரி, 11-க்குப் போகலாம்னு பார்த்தா இந்த மெஷினுக்குத் தகுதி இல்லையாம். ஆன் பண்ணினா வேலை செய்யற நிலைக்கு வர அஞ்சு நிமிஷம் ஆகுது. போதாததுக்கு ஓரத்துல "5 வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது"ன்னு அடிக்கடி எட்டிப் பார்க்குது. எந்த ஓஎஸ் போடறது, எந்த ஆன்டிவைரஸ் வாங்கறது, சுத்தம் பண்ண எந்த சாஃப்ட்வேர்? சுருக்கமா சொன்னா போதும்.

12-9-2025, இரவு

சுருக்கமா: லினக்ஸ் மின்ட் (விண்டோஸுக்குப் பதிலா போடற இலவச ஓஎஸ்) போடுங்க. ஆன்டிவைரஸ் வேண்டாம். கிளீனர் பக்கமே தலைவச்சுப் படுக்காதீங்க.

13-9-2025

நேத்து மூணு வரியில தீர்ப்பு எழுதிட்டுத் தூங்கிட்டேன். காலையில படிச்சா எனக்கே கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனமா தெரியுது. மின்ட் போடச் சொன்னேனே தவிர, நீங்க தினமும் எந்த சாஃப்ட்வேர்ல வேலை பார்க்கறீங்கன்னு கேட்கவே இல்லை. விண்டோஸ்ல மட்டும் ஓடற கணக்கு சாஃப்ட்வேரோ, அதுக்கு மட்டும் டிரைவர் இருக்கிற பிரின்டரோ வீட்டுல இருந்தா என் முதல் வரி செல்லாது.

இன்னொன்னையும் விட்டுட்டேன். அக்டோபர் 14 அன்னிக்கு விண்டோஸ் 10 மூச்சை நிறுத்திடாது. மறுநாளும் வழக்கம்போல ஓடும், பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கிற அப்டேட் வர்றதுதான் நிக்கும். அதுக்கும் வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு ஒரு வருஷ நீட்டிப்பு உண்டு, 2026 அக்டோபர் 13 வரைக்கும். விண்டோஸ் 10-ஓட கடைசிப் பதிப்பான 22எச்2-ல இருக்கணும், மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல நுழைஞ்சிருக்கணும், செட்டிங்ஸை அவங்க கிளவுட்ல பேக்கப் பண்ண சரின்னு சொல்லணும். சொன்னா காசு கேட்க மாட்டாங்க. விண்டோஸ் அப்டேட் பக்கத்துலயே அதுக்கான இணைப்பு வரும். ஆக, அவசரப்பட வேண்டியதில்லை. ஒரு வருஷம் யோசிக்க நேரம் இருக்கு.

விண்டோஸோடயே வர்ற ஆன்டிவைரஸான டிஃபெண்டருக்கு மட்டும் வைரஸ் பட்டியல் 2028 அக்டோபர் வரைக்கும் வரும்னு சொல்லியிருக்காங்க. அதை நம்பி "அப்போ 2028 வரைக்கும் கவலை இல்லை"ன்னு இருந்துடாதீங்க. பட்டியல் புதுசா இருந்தா திருடனோட முகம் தெரியும், அவ்வளவுதான். உடைஞ்ச தாழ்ப்பாளை அது மாத்தாது.

14-9-2025

11-க்குத் தகுதி இல்லைன்னா எதனாலன்னு படிச்சுப் பாருங்க. டிபிஎம் 2.0 (ரகசியச் சாவிகளைக் காக்கிற பாதுகாப்பு வசதி) இல்லைன்னு சொன்னா, பல மெஷின்கள்ல அது இருக்கும், பயாஸ்ல, அதாவது ஆன் பண்ணினதும் ஓஎஸ்ஸுக்கு முன்னாடி ஓடற போர்டு செட்டிங்ஸ்ல, அணைஞ்சு கிடக்கும். இன்டெல் போர்டுகள்ல பிடிடி, ஏஎம்டி போர்டுகள்ல எஃப்டிபிஎம்னு வேற பேர்ல ஒளிஞ்சிருக்கும். போன வருஷம் நான் ஒரு மணி நேரம் பயாஸுக்குள்ள அலைஞ்சு அதைக் கண்டுபிடிச்சு ஆன் பண்ணி, ஜெயிச்ச மாதிரி வெளிய வந்து மறுபடி சோதிச்சேன். டிபிஎம்முக்குப் பச்சை டிக். அதுக்குக் கீழ, இந்த ப்ராசஸர் ஆதரிக்கப்படலைன்னு சிவப்புக் கோடு. என்னோடது ஏழாம் தலைமுறை இன்டெல். ஒன்னு ரெண்டு விதிவிலக்கைத் தவிர எட்டாம் தலைமுறையில இருந்துதான் சேர்த்துக்கறாங்க. ஏஎம்டின்னா ரைசன் 2000 வரிசையில இருந்து.

உங்களோடதும் எட்டு வருஷம்னா அநேகமா என் கட்சிதான். வாங்க, வாங்க.

17-9-2025

"ஆன்டிவைரஸ் வேண்டாம்"னு எழுதினதுக்கு இதுவரைக்கும் மூணு பேர் சண்டைக்கு வந்தாச்சு. நான் வேண்டாம்னது தனியா வாங்கறதை. விண்டோஸ் 8 வந்த 2012-ல இருந்தே டிஃபெண்டர் ஒரு முழு ஆன்டிவைரஸ். நாம வேற ஒன்னைப் போட்டா அது மரியாதையா ஒதுங்கிக்கும், அதை எடுத்துட்டா திரும்ப வந்து உட்காரும். ஏவி-டெஸ்ட், ஏவி-கம்பேரடிவ்ஸ் மாதிரி சோதனைக் கூடங்கள் வெளியிடற அட்டவணைகள்ல அது பல வருஷமா மதிப்பான இடத்துலதான் இருக்கு.

எனக்கு இந்த எண்ணம் வந்தது பட்டபிறகு. ஒரு காலத்துல என் மெஷின்ல ரெண்டு ஆன்டிவைரஸ் ஒரே நேரத்துல குடியிருந்தது. ஒன்னு நானா போட்டது. இன்னொன்னு மதர்போர்டோட வந்த சிடியில இருந்து, "அடுத்து, அடுத்து"ன்னு அழுத்தினதுல தானா ஏறினது. முதலாவது ஒரு ஃபைலைப் பிடிச்சுத் தன் சிறையில போடும். ரெண்டாவது அந்தச் சிறைக்குள்ள எட்டிப் பார்த்து, "ஐயோ, இங்க வைரஸ் இருக்கு"ன்னு கத்தும். முதலாவது, யாரோ என் ஃபோல்டரைத் தொடறான்னு ரெண்டாவதைத் தடுக்கும். இடையில நான். ரெண்டு மாசம் இந்தப் பஞ்சாயத்தை வைரஸ்னு நினைச்சே ஓட்டினேன்.

இலவசம்னு சொல்றதுல இன்னொரு கணக்கும் இருக்கு. அவாஸ்ட் தன் பயனர்கள் எந்தெந்தப் பக்கத்துக்குப் போனாங்கங்கிற விவரத்தை ஜம்ப்ஷாட்ங்கிற துணை நிறுவனம் மூலமா வித்தது வெளிய வந்து, 2020 ஜனவரியில ஜம்ப்ஷாட்டையே மூடினாங்க. 2024-ல அமெரிக்க வர்த்தக ஆணையம் அதுக்காக 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்ட வச்சது. வாசலைக் காக்க வந்தவர் வீட்டு ஆட்கள் எங்கெங்க போறாங்கன்னு குறிப்பெடுத்து வித்த கதை.

ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாகிரை வைரஸையும் மறந்துடாதீங்க. அது பரவினது 2017 மே 12. அது நுழைஞ்ச ஓட்டைக்கான அப்டேட் மார்ச் 14-லேயே வந்தாச்சு. ரெண்டு மாசம் "பிறகு பார்க்கலாம்" அழுத்தினவங்கதான் பெரும்பாலும் மாட்டினாங்க. ஆன்டிவைரஸுக்காக இவ்வளவு சண்டை போடற நாம, அப்டேட் கேட்கும்போது "பிறகு" அழுத்தறதைப் பத்திப் பேசறதே இல்லை.

17-9-2025, இரவு

டிஃபெண்டர் முழிச்சிருக்கா தூங்குதான்னு எப்படித் தெரியும்னு கேட்டிருக்காங்க. ஐகார் சோதனை ஃபைல்னு ஒன்னு இருக்கு. வெறும் 68 எழுத்து, ஒரு தீங்கும் இல்லை. எல்லா ஆன்டிவைரஸும் அதை வைரஸ் மாதிரியே பிடிக்கணும்னு ஒரு ஒப்பந்தம். நோட்பேடுல ஒட்டிச் சேமிச்சேன். சேமிச்ச ஃபைல் திரும்பிப் பார்க்கறதுக்குள்ள காணோம். தீயணைப்பு ஒத்திகை மாதிரி, உள்ளுக்குள்ள ஒரு சின்ன சந்தோஷம்.

20-9-2025

கேள்வியை இன்னிக்குத்தான் ஒழுங்கா படிச்சேன். "ஓரத்துல 5 வைரஸ்னு எட்டிப் பார்க்குது". இதை எட்டு நாளா கவனிக்காம ஆன்டிவைரஸ் வரலாறு எழுதிட்டு இருந்திருக்கேன், மன்னிக்கணும்.

அது பெரும்பாலும் வைரஸே இல்லை. பிரவுசர் நோட்டிஃபிகேஷன். ஏதோ ஒரு தளம், "நீங்க ரோபோ இல்லைன்னா அனுமதி அழுத்துங்க"ன்னு கேட்டிருக்கும், வீட்டுல யாரோ அழுத்தியிருப்பாங்க. அன்னையில இருந்து அந்தத் தளத்துக்கு உங்க திரையோட ஓரத்துல சுவரொட்டி ஒட்ட உரிமை வந்தாச்சு. அதுல ஆன்டிவைரஸ் கம்பெனி முத்திரையை வரைஞ்சு பயமுறுத்தறாங்க. பிரவுசர் செட்டிங்ஸ்ல தள அனுமதிகள், அதுல நோட்டிஃபிகேஷன். தெரியாத பேர் எல்லாத்தையும் நீக்குங்க. அடுத்த தடவை வர்றப்ப அந்த அறிவிப்பை நல்லா பாருங்க, சின்னதா பிரவுசர் பேரும் தளத்தோட முகவரியும் இருக்கும். உண்மையான டிஃபெண்டர் அறிவிப்புல தள முகவரி இருக்காது.

என் மாமா இதே அறிவிப்பை நம்பி ஒன்னுக்கு மேல ஒன்னா மூணு "சுத்தம் பண்ணும்" சாஃப்ட்வேர் இறக்கி வச்சிருந்தார். அறிவிப்பு பொய், அதுக்கு மருந்துன்னு இறக்கினதுதான் நிஜ நோய்.

28-9-2025

கிளீனர்.

இதுல எனக்கு வாய் நீளம் அதிகம், ஏன்னா நான் அடிமையா இருந்தவன். வாரத்துக்கு ஒரு தடவை ஓடவிடுவேன். "1,243 பிழைகள்"னு சிவப்புல காட்டும், "சரிசெய்" அழுத்தினா எல்லாம் பச்சை ஆகும், வீடு பெருக்கி முடிச்ச நிம்மதி. அந்த 1,243-ல ஒன்னு கூட என்னன்னு நான் திறந்து பார்த்ததில்லை. ஒரு நாள் பார்த்தேன். என்னிக்கோ நீக்கின சாஃப்ட்வேரோட ரெஜிஸ்ட்ரி (விண்டோஸ் தன் செட்டிங்ஸைக் குறிச்சு வைக்கிற பதிவேடு) வரிகள், இப்ப இல்லாத ஒரு ஃபைலைக் காட்டற குறுக்குவழிகள். ரெஜிஸ்ட்ரியில லட்சக்கணக்குல வரி இருக்கு. அதுல ஆயிரம் வரி குறைஞ்சா வேகம் கூடும்ங்கிறது, நூலகத்துல நாலு பழைய அட்டையை எடுத்துட்டா புத்தகம் சீக்கிரம் கிடைக்கும்ங்கிற மாதிரி. ஆனா தப்பான வரியை எடுத்தா? ஒரு தடவை ஸ்கேனர் நின்னு போச்சு. பேர் சொல்ல வேண்டாம், இலவச கிளீனர் ஒன்னு அதோட டிரைவர் பதிவை அனாதைன்னு முடிவு பண்ணித் துடைச்சிருந்தது. ரெஜிஸ்ட்ரி கிளீனர்களை நாங்க ஆதரிக்கறதில்லைன்னு மைக்ரோசாஃப்டே எழுதி வச்சிருக்கு.

உலகத்துலயே பேர் போன கிளீனர் சிசிகிளீனர். 2017 ஆகஸ்ட்ல வந்த அதோட 5.33 பதிப்புக்குள்ள யாரோ பின்வாசல், அதாவது திருட்டுத்தனமா நுழையற வழி, வச்சுட்டாங்க. அதுவும் கம்பெனி தன் கையெழுத்தோட வெளியிட்ட அசல் பதிப்புக்குள்ள. 22 லட்சத்துக்கு மேல கம்ப்யூட்டர்கள்ல அந்தப் பதிப்பு இறங்கினதா செப்டம்பர்ல தெரிய வந்தது. அதுக்கப்புறம் சரிபண்ணிட்டாங்க, அந்தக் கம்பெனியைக் குத்தம் சொல்ல இதை எழுதல. ஒரு வேலையும் இல்லாத சாஃப்ட்வேருக்கு அட்மின் சாவியைக் கொடுத்து வீட்டுல வச்சுக்கறதுல என்ன ஆபத்துன்னு காட்டத்தான்.

இடம் பத்தலைன்னா விண்டோஸ்லயே ஸ்டோரேஜ் சென்ஸ் இருக்கு. போதும்.

மெஷின் மெதுவா இருக்குன்னு நான் ரெண்டு வருஷமா என் பழைய டெஸ்க்டாப்பை டீஃப்ராக் (டிஸ்க்ல சிதறின ஃபைல் துண்டுகளைச் சேர்த்து அடுக்கறது) பண்ணிட்டும் இருந்தேன். அதுவும் ஆன் ஆக அஞ்சு நிமிஷம் எடுக்கும், உங்களோடது மாதிரியே. பழகிப் போச்சு. எல்லாம் விண்டோஸோட வயசு.

5-10-2025

"லினக்ஸ்ல வைரஸே வராது, கண்ணை மூடிட்டு மின்ட் போடுங்க"ன்னு ஒருத்தர் எனக்கு ஆதரவா எழுதியிருக்கார். நன்றி, ஆனா கண்ணைத் திறந்தே போடுங்க. 2016 பிப்ரவரி 20 அன்னிக்கு மின்ட்டோட சொந்தத் தளத்தையே உடைச்சு, 17.3 சின்னமன் பதிப்போட இறக்கத்தை, பின்வாசல் வச்ச வேற ஒன்னுக்குத் திருப்பிவிட்டாங்க. அன்னிக்கு மின்ட் இறக்கினவங்கள்ல சிலர், விண்டோஸ் பாதுகாப்பில்லைன்னு மாறினவங்களா இருந்திருப்பாங்க, பாவம். இறக்கினதும், ஃபைல் அசல்தானான்னு காட்டற எஸ்எச்ஏ 256 எண்ணைச் சரிபார்க்கச் சொல்றது சும்மா சடங்கு இல்லை.

2024 மார்ச்ல எக்ஸ்இசட் விவகாரம். பல லினக்ஸ் வகைகள் நம்பியிருக்கிற, ஃபைலைச் சுருக்கற ஒரு சின்ன மென்பொருள் நூலகத்துல, ரெண்டு வருஷம் நல்ல பிள்ளையா வேலை பார்த்து நம்பிக்கை சம்பாதிச்ச ஒரு ஆள், பின்வாசல் வச்சார். கண்டுபிடிச்சவர் ஆன்ட்ரஸ் ஃபிராய்ண்ட். ஒரு கம்ப்யூட்டருக்குள்ள தொலைவுல இருந்து நுழையறப்ப வழக்கத்தைவிட அரை நொடி அதிகமாகுதேன்னு அவருக்கு உறுத்தியிருக்கு. அரை நொடி! நான் அஞ்சு நிமிஷத்தை "பழகிப் போச்சு"ன்னு எழுதிட்டு உட்கார்ந்திருக்கேன்.

லினக்ஸ் டெஸ்க்டாப்ல தொல்லை ரொம்பக் குறைவுங்கிறது உண்மை. இல்லவே இல்லைங்கிறது பொய்.

19-10-2025

ஊருக்கு உபதேசம் பண்ணிட்டு நான் மாறாம இருந்தா நல்லா இருக்காதேன்னு, பழைய மெஷின்ல மின்ட் 22-ஐ விண்டோஸ் பக்கத்துலயே போட்டேன், டூயல் பூட். அதுக்கு 2029 வரைக்கும் அப்டேட் உண்டு. எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, பழசுக்கு அதுதான் லேசு. நிறுவ ஒன்றரை மணி நேரம் பிடிச்சது. பென் டிரைவ் மட்டம்னு நினைக்கிறேன்.

ரெண்டு வினோதம் நடந்தது.

முதலாவது, கடிகாரம். மின்ட்ல இருந்து விண்டோஸுக்குப் போனா நேரம் மணிக்கணக்குல தப்பா இருக்கு. போர்டுல இருக்கிற சிஆர் 2032 பேட்டரி செத்துப் போச்சுன்னு புதுசு வாங்கிப் போட்டேன். அப்பவும் அதே. அப்புறம்தான் உறைச்சது: பேட்டரி செத்தா தேதியே பல வருஷம் பின்னால போய் நிக்கும், இது எப்பவும் அதே அளவு வித்தியாசம். லினக்ஸ் போர்டு கடிகாரத்துல உலகப் பொது நேரத்தை எழுதுது, விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம்னு படிக்குது. மின்ட்ல ஒரே ஒரு கட்டளையில தீர்ந்துச்சு. நல்ல பேட்டரி ஒன்னு மேசை டிராயர்ல கிடக்கு.

ரெண்டாவது, என் டி டிரைவ். பேக்கப் எல்லாம் அதுலதான் வச்சிருக்கேன். மின்ட்ல இருந்து அதைத் திறந்தா படிக்க விடுது, எழுத விடலை. காரணம் விண்டோஸோட ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப். ஷட்டவுன் அழுத்தினா அது முழுசா அணையறதில்லை, பாதித் தூக்கத்துல படுக்குது, டிஸ்கையும் பிடிச்சுக்கிட்டே படுக்குது. அதைத் தொந்தரவு பண்ண லினக்ஸ் மறுக்குது, நியாயம்தான். பவர் ஆப்ஷன்ஸ்ல போய் அணைச்சுட்டேன்.

இது டூயல் பூட் இல்லாதவங்களுக்கும் பயன்படும். டாஸ்க் மேனேஜர்ல சிபியு பக்கத்துல "அப் டைம்" (விண்டோஸ் முழுசா ஆரம்பிச்சு எவ்வளவு நேரம் ஆச்சுங்கிறது) பாருங்க. தினமும் ஷட்டவுன் பண்றவங்களுக்குக் கூட இருபது நாள்னு காட்டும். ரீஸ்டார்ட் அழுத்தினாதான் அது சைபருக்கு வரும். "ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா"ன்னு கேட்டா, "தினமும் அணைக்கறேனே"ன்னு சொல்றவங்க பொய் சொல்லலை.

2-11-2025

ரூஃபஸ் (ஓஎஸ் நிறுவற பென் டிரைவ் தயார் பண்ற சாஃப்ட்வேர்) வச்சு தகுதிச் சோதனைகளைத் தாண்டி 11 போட்டுட்டேன், ஜம்முனு ஓடுதுன்னு ஒருத்தர். ஓடும். ஆனா ஆதரவில்லாத மெஷினுக்கு அப்டேட் வரும்னு உத்தரவாதம் இல்லைன்னு மைக்ரோசாஃப்ட் முன்கூட்டியே சொல்லிட்டாங்க. 11-ஓட 24எச்2 பதிப்புல இருந்து சில ப்ராசஸர் கட்டளைகளே இல்லாத ரொம்பப் பழைய மெஷின்கள்ல பூட்டே ஆகாது. அப்டேட்டுக்காக 11-க்கு மாறி, அப்டேட் வருமா வராதான்னு தெரியாம இருக்கிறதுல எனக்கு ருசி இல்லை. உங்க விருப்பம்.

முறையாவே 11-க்குப் போறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. 24எச்2-ஐப் புதுசா நிறுவி மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல நுழைஞ்சா, பெரும்பாலான மெஷின்கள்ல டிஸ்க் தானாவே பூட்டிக்கும், பிட்லாக்கர். நல்லதுதான். ஆனா பயாஸ்ல எதையோ மாத்தினா ஒரு நாள் நீலத்திரை வந்து 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அது உங்க அக்கவுன்ட்ல சேமிச்சிருக்கும். அக்கவுன்ட் பாஸ்வேர்டு? அதே கம்ப்யூட்டருக்குள்ள. எண்ணை இன்னிக்கே காகிதத்துல எழுதி வைங்க.

23-11-2025

இதை எழுத வெக்கமா இருக்கு.

பழைய மெஷின் நேத்து ஒரு ஃபோல்டரைத் திறக்கறப்ப அப்படியே உறைஞ்சது. உள்ள இருந்து டக், டக்னு ஒரு சத்தம். விண்டோஸ்தான் கோளாறுன்னு மின்ட்டுக்குப் போனேன், அங்கயும் அதே ஃபோல்டர்ல அதே உறைவு. ரெண்டு ஓஎஸ்லயும் ஒரே இடத்துல இடிக்குதுன்னா...

டிஸ்கோட உடம்பைக் காட்டற கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போட்டுப் பார்த்தேன். மஞ்சள், "எச்சரிக்கை". படிக்க முடியாம காத்திருக்கிற செக்டர் (டிஸ்கோட ஒரு சின்னத் துண்டு) எண்ணிக்கை, அட்டவணையில சி5-ங்கிற வரியில, 28-ன்னு இருந்தது. 28 தானே, டிஸ்க்ல கோடிக்கணக்குல செக்டர் இருக்கேன்னு நினைச்சு, சும்மா இருக்காம செக்டிஸ்க் ஓடவிட்டேன். ஓடிச்சு, ஓடிச்சு, ராத்திரி முழுக்க ஓடிச்சு. காலையில பார்த்தா 1ஏ0. எண்ணுக்கு நடுவுல ஏ எப்படி வந்துச்சுன்னு முழிச்சப்பதான் புரிஞ்சது, அந்த நெடுவரிசை பதினாறு அடிப்படை எண்ணுல இருக்கு, 9-க்கு அப்புறம் ஏ, பி, சின்னு போகும். நேத்து இருந்தது 28 இல்லை, 40. இன்னிக்கு 416.

செத்துட்டு இருக்கிற டிஸ்க்ல செக்டிஸ்க் ஓட்டக் கூடாது. அது ஃபைல் அமைப்பைச் சரிபண்ற கருவி, டிஸ்கைக் காப்பாத்தற கருவி இல்லை. சரிபண்றேன்னு அதே டிஸ்க்ல எழுதும், மூலை முடுக்கெல்லாம் படிக்க வச்சு நோயாளியை மாடிப்படி ஏறி இறங்க வைக்கும். இது எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் பண்ணினேன். பதட்டத்துல கை பழக்கத்துக்குப் போகுது.

அஞ்சு நிமிஷ பூட் இப்ப புரியுது. விண்டோஸோட வயசும் இல்லை, குப்பையும் இல்லை. ஒவ்வொரு மோசமான செக்டர்லயும் டிஸ்க் திரும்பத் திரும்ப முயற்சி பண்ணிட்டு இருந்திருக்கு. மின்ட் நிறுவ ஒன்றரை மணி நேரம் ஆனதுக்கும் பென் டிரைவ் பொறுப்பில்லை. ரெண்டு வருஷமா நான் பண்ணின டீஃப்ராக், இடுப்பொடிஞ்சவனை வாராவாரம் மூட்டை தூக்க வச்சது மாதிரி.

வெக்கம்னு சொன்னது இது இல்லை. என் பேக்கப் டி டிரைவ்ல இருக்குன்னு அக்டோபர் 19-ஆம் தேதி பெருமையா எழுதியிருக்கேன் பாருங்க. சி-யும் டி-யும் ஒரே டிஸ்க்.

24-11-2025

மெஷினை மின்ட் பென் டிரைவ்ல இருந்து பூட் பண்ணி, புது எக்ஸ்டர்னல் டிஸ்க் மாட்டி, கெட்ட டிஸ்க்ல இருந்து மீட்டெடுக்கிற டிடிரெஸ்க்யூ ஓடுது. (அதே பென் டிரைவ். மன்னிப்புக் கேட்டுட்டேன்.) இது முதல்ல நல்லா படிக்கிற இடங்களையெல்லாம் அள்ளிக்கும், இடிக்கிற இடத்துல நிக்காம தாண்டிப் போகும், எங்க தாண்டினோம்னு ஒரு வரைபடக் கோப்புல குறிச்சுக்கும். எல்லாம் முடிஞ்சப்புறம் திரும்பி வந்து விட்ட இடங்களைச் சுரண்டும். நடுவுல கரன்ட் போனாலும் வரைபடத்தைப் பார்த்து விட்ட இடத்துல இருந்து தொடரும். சாதாரணமா காப்பி பண்ணினா முதல் மோசமான ஃபைல்லயே மணிக்கணக்கா மல்லுக்கட்டிட்டு இருக்கும், அதுக்குள்ள நல்ல ஃபைல்களும் போயிடும்.

25-11-2025

98 சதவீதம். நம்பவே முடியலை. மீதி ரெண்டு சதவீதம்தான் சுரண்டல்.

27-11-2025

மூணாவது ராத்திரி. நொடிக்குச் சில கேபி. டக் சத்தம் கூடியிருக்கு. நான் திரையைப் பார்க்கறதை நிறுத்திட்டேன்.

30-11-2025

முடிச்சுட்டேன், அல்லது டிஸ்க் முடிச்சுக்கிச்சு. படிக்க முடியாம போனது 10 எம்பிக்கும் குறைவு. போட்டோக்கள்ல நாலைஞ்சு, மேல் பாதி மனுஷங்க, கீழ் பாதி சாம்பல். ஒரு வீடியோ திறக்கலை. அவ்வளவுதான். இதைவிட மோசமா போயிருக்க எல்லா நியாயமும் இருந்தது.

ஆனா புது அதிர்ச்சி. 2000-களோட முற்பாதியில நான் தட்டச்சு பண்ணின கட்டுரைகள், கடிதங்கள் ஒரு ஃபோல்டர் நிறைய, பிழையில்லாம வந்திருக்கு. திறந்தா ஆங்கில எழுத்துக் குப்பை. டிஸ்க் கெடுத்துடுச்சுன்னு ஒரு நிமிஷம் நெஞ்சு அடைச்சது. இல்லை, அதெல்லாம் பாமினி. எல்லா மெஷின்லயும் படிக்க முடியற பொது எழுத்து முறையான யூனிகோடு இல்லை. ஆங்கில எழுத்தோட இடத்துல தமிழ் உருவத்தை உட்கார வச்ச எழுத்துரு அது. எழுத்துரு இல்லாத மெஷின்ல அடியில இருக்கிற ஆங்கில எழுத்து அப்படியே தெரியும். பாமினி ஃபைல் விண்டோஸோட ஃபான்ட்ஸ் ஃபோல்டர்ல இருந்தது, நான் "சிஸ்டம் ஃபைல் எதுக்கு"ன்னு அதை மீட்டதுல இருந்து பிரிச்சு எடுக்கலை. மீட்ட பிம்பத்துக்குள்ள போய்த் தேடி எடுத்தேன். இப்ப ஒவ்வொன்னா யூனிகோடுக்கு மாத்திட்டு இருக்கேன். இடையிடையே அந்த வயசுல எழுதினதைப் படிச்சு, இதை டிஸ்க்கே தின்னிருக்கலாம்னும் தோணுது.

உங்க பழைய பேக்கப்பைத் திறந்து பாருங்க. ஃபைல் இருக்கான்னு பார்த்தா போதாது, படிக்க முடியுதான்னு பாருங்க.

14-12-2025

பழைய மெஷின்ல இப்ப ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்துல எஸ்எஸ்டி, சுத்தற தட்டு இல்லாத வேகமான டிஸ்க். ரேம் 4-ல இருந்து 8 ஜிபி. மின்ட் மட்டும். பூட் ஆக இருபது நொடிக்கும் கீழ. ஏழாம் தலைமுறை ப்ராசஸர் அதே, பயாஸ் அதே, நான் ரெண்டு வருஷமா திட்டினது எல்லாமே அதே.

விண்டோஸ்லயே இருக்கிறவங்க எஸ்எஸ்டியை டீஃப்ராக் பண்ண வெளி சாஃப்ட்வேர் தேடாதீங்க. "ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்"ங்கிறது எஸ்எஸ்டியை அடையாளம் கண்டு எந்த இடமெல்லாம் காலின்னு அதுக்குச் சொல்ற டிரிம் கட்டளையைத் தானாவே அனுப்பும். அதுக்கு மேல அதுக்கு எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்ட வேண்டியதில்லை.

"அப்போ பராமரிப்பு சாஃப்ட்வேரே வேண்டாமா"ன்னு கேட்டவருக்கு: நான் இப்ப வச்சிருக்கிறது ரெண்டு. டிஸ்கோட உடம்பைக் காட்டறது ஒன்னு, மின்ட்ல "டிஸ்க்ஸ்"லயே அது வந்துடுது. பேக்கப் எடுக்கறது இன்னொன்னு. பேக்கப் மூணு பிரதி, ரெண்டு வகை ஊடகம், ஒன்னு வீட்டுக்கு வெளிய, பழைய 3-2-1 விதி. எனக்கு இன்னும் ரெண்டு பிரதிதான் ஆகியிருக்கு. பேக்கப் எடுத்து முடிச்சதும் எக்ஸ்டர்னல் டிஸ்கைப் பிடுங்கி வச்சுடறேன், ஏன்னா மாட்டியே வச்சிருந்தா பணம் பறிக்கிற வைரஸ் வந்தா அதையும் சேர்த்துப் பூட்டிடும்.

டிஃபெண்டர் பத்தி எழுதினதை மாத்தலை. ஆனா ஒன்னை ஒத்துக்கறேன். செப்டம்பர்ல எனக்கும் உங்களுக்கும் சேர்த்து நான் எழுதினது முழுக்க வெளிய இருந்து வர்ற ஆபத்தைப் பத்தி. என் வீட்டுல அது உள்ளேயே டக் டக்னு சுத்திட்டு இருந்தது.

4-1-2026

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கார், சந்தோஷம். நோட்டிஃபிகேஷன் அனுமதிகளை நீக்கினதும் "5 வைரஸ்" போயிடுச்சாம். ஒரு வருஷ நீட்டிப்பும் வாங்கிட்டாராம். பூட் ஆக இன்னும் அஞ்சு நிமிஷம்தான், மின்ட் போட்டா சரியாயிடுமான்னு கேட்கறார்.

உங்க டிஸ்கும் எட்டு வருஷப் பழசு, என்னோடது மாதிரியே. ஓஎஸ் அப்புறம் பேசலாம். முதல்ல முக்கியமான ஃபைல்களை வேற டிஸ்குக்கு எடுங்க, டி டிரைவுக்கு இல்லை. எடுத்தப்புறம் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவைத் திறந்து மோசமான செக்டர்களைக் காட்டற 05, சி5, சி6 மூணு வரியையும் பார்த்து இங்க போடுங்க. எண்ணுக்கு நடுவுல ஏதாவது எழுத்து இருந்தா அதையும் விடாம அப்படியே எழுதுங்க.